பாரதியார் வேதபுரியிற் பயின்ற மனவமைதி

மனவமைதி என்பது காட்டிலும் மலைமுழையிலும் கிடைப்பது, வீட்டிலும் வீதியிலும் கிடையாதது என்று எண்ணுவார் பலர். துறவறத்தார்க்கே அஃது உரியது, மனைவி மக்களும் கடனும் வாடகையும் உடையார்க்கு எட்டாதது என்று இல்லறத்தார் தம்மைத் தாமே விலக்கி வைத்துக் கொள்ளுகின்றனர். நம் சித்தாந்த நூல்கள் இவ்வாறு கூறவில்லை. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் இயல்பினது என்பது மெய்கண்ட சந்தானத்தின் துணிபு. பளிங்கு தன்னை அடுத்த பூவின் நிறத்தைக் காட்டுவது போல, உயிர் தன்னை அடுத்த பொருளின் இயல்பைக் காட்டும். ஆகலின் அமைதி இடத்தைப் பற்றியது அன்று, சார்பைப் பற்றியது. காட்டில் இருந்தும் பழம்பகையைச் சார்ந்திருப்பவனுக்கு அமைதி இல்லை. சந்தைத் தெருவில் இருந்தும் இறைவனைச் சார்ந்திருப்பவனுக்கு அதற்குக் குறைவில்லை. சார்பு மாற வேண்டுமாயின், தன் உள்ளம் இப்பொழுது எதனைச் சார்ந்து நிற்கின்றது என்பதை ஒருவன் அவ்வப்பொழுது விழித்திருந்து காண வேண்டும். அவ்விழிப்பே பயிற்சியின் முதற்படி.

இவ்வுண்மைக்கு எடுத்துக்காட்டாக நாயன்மார் வரலாறுகளும் சந்தானாசாரியர் வரலாறுகளும் நம்மவர்க்கு நன்கு தெரிந்தவை. அவை நிறைவெய்திய பெருமக்களின் வரலாறுகள். நிறைவு எய்தாமல், தவறியும் எழுந்தும், நாள்தோறும் உள்ளத்தோடு போராடிய ஒருவரின் வரலாறு இல்லறத்தார்க்கு வேறொரு வகையில் துணை செய்யும். அத்தகையார் ஒருவர் வேதபுரி எனப்படும் புதுச்சேரியில் பத்தாண்டுகள் வாழ்ந்தார். அவர் கவி சுப்பிரமணிய பாரதியார். அவரைச் சித்தாந்தி என்று காட்டுவது எமது கருத்தன்று. அவர் சத்தியை வழிபட்டவர். வேதாந்தக் கருத்துக்களில் ஈடுபாடு மிக்கவர். அவர் கொண்ட கொள்கைகள் பலவற்றை நம்மவர் ஏற்றுக்கொள்ளார். ஆயினும், வேதபுரியில் அவர்க்கு வாய்த்த ஓர் அறிவுரை சித்தாந்தச் செம்பொருளோடு வியக்கத்தக்கவாறு ஒத்து நிற்கின்றது. அதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பாரதியார் 1882 ஆம் ஆண்டு டிசம்பர் 11 ஆம் நாள் எட்டயபுரத்திற் பிறந்தார். தந்தையார் சின்னசாமி ஐயர். தாயார் இலக்குமி அம்மாள். ஐந்தாம் வயதில் தாயை இழந்தார். தந்தையார் தொடங்கிய பஞ்சாலைத் தொழில் நொடித்தது. 1897 இல் செல்லம்மாளுடன் திருமணம் நிகழ்ந்தது. மறு ஆண்டில் தந்தையாரும் மறைந்தார். பின்னர்க் காசியிற் சில ஆண்டுகள் வாழ்ந்து கல்வி பயின்றார். எட்டயபுர அரண்மனையில் ஊழியம், 1904 இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியிற் சில மாதங்கள் தமிழாசிரியப் பணி, அவ்வாண்டின் இறுதியிற் சென்னைச் சுதேசமித்திரனில் உதவியாசிரியப் பணி, 1906 முதல் ‘இந்தியா’ என்னும் வார இதழின் எழுத்துப்பணி என்று அவர் வாழ்வு விரைந்து சென்றது. இளமையிலேயே இழப்பும் வறுமையும் கண்ட உள்ளம் அது. இயல்பிலேயே உணர்ச்சி மிகுந்தவர். உவகையும் சினமும் அவர்க்கு விரைந்து எழும்.

1908 ஆம் ஆண்டு ‘இந்தியா’ இதழின்மீது அரசாங்கத்தார் நடவடிக்கை எடுத்தனர். சட்டப்படி இதழின் ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்தவர் சிறைப்பட்டார். நண்பர்கள் வற்புறுத்தியதனாற் பாரதியார் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்றார். அவ்வூர் 1954 ஆம் ஆண்டு வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. கடற்கரையை ஒட்டி வெள்ளையர் வாழ்ந்த பகுதியும், அதற்கு மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதியுமாக நகரம் பிரிந்திருந்தது. தமிழர் பகுதியில் வேதபுரீசர் திருக்கோயில் உள்ளது. பழைய திருக்கோயில் 1748 ஆம் ஆண்டிற் பிரெஞ்சுக்காரரால் இடிக்கப்பட்டது. பின்னர் வேறோர் இடத்தில் இறைவன் திருக்கோயில் எழுந்தது. ஒருமுறை இடிந்தது மீண்டும் எழுந்த ஊரிலே, தம் வாழ்வு இடிந்ததாகக் கருதிய ஒருவர் வந்து சேர்ந்தார்.

முதலில் நிலைமை ஒருவாறு நன்றாகவே இருந்தது. 1908 ஆம் ஆண்டு அக்டோபர் முதல் ‘இந்தியா’ புதுச்சேரியிலிருந்து வெளிவந்தது. ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவில் அதனைப் பரவ விடாது தடுத்தனர். 1910 மார்ச்சில் அது நின்று போயிற்று. வருவாய்க்கு இருந்த வழியும் அடைபட்டது. 1911 ஜூன் 17 இல் மணியாச்சியிற் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டபின், புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்தோர் அனைவர்மீதும் ஐயம் விழுந்தது. பிரிட்டிஷ் ஒற்றர்கள் அவர்கள் வீடுகளைச் சுற்றி நின்றனர். யார் வருகின்றார், யார் போகின்றார் என்று குறித்துக் கொண்டனர். அயலூரிலிருந்து வந்து தங்கியிருப்போர் நகரப் பெருமக்கள் ஐவரிடம் நற்சான்று பெற்றுப் பதிந்து கொள்ள வேண்டும் என்ற விதியும் ஒருகால் வந்தது. கலவை சங்கரச் செட்டியார் என்னும் நகரப் பெரியவரின் முயற்சியால் அந்நற்சான்று கிடைத்தது. அது கிடையாதிருந்தால் அவர்கள் எல்லையைக் கடக்க நேர்ந்திருக்கும்; எல்லைக்கு அப்பாற் சிறை காத்திருந்தது. இத்தகைய நிலையில் ஒருவன் உள்ளம் ஒவ்வொரு காலடி ஓசைக்கும் துணுக்குறுவது இயல்பே.

வீட்டின் உள்ளே வறுமை குடியிருந்தது. ஈசுவரன் தருமராசர் கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீட்டின் உரிமையாளரை விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று அக்குடும்பத்தாரும் நண்பரும் அழைத்தனர். வாடகை கேட்பதற்கென்று வருவார். பாட்டையும் பேச்சையும் கேட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருப்பார். கேட்க வந்ததைக் கேளாமலே திரும்பிச் செல்வார் என்பது அக்காலத்தவர் எழுதி வைத்த செய்தி. செல்லம்மாள் அரும்பாடுபட்டுச் சேர்த்த அரிசியைப் பாரதியார் முற்றத்துக் குருவிகளுக்கு இறைத்துவிட்ட கதையை அறியாதார் இலர். அக்கதையை அவரது அருளுடைமைக்குச் சான்றாகவே கூறுவர். அவ்வரிசியை எதிர்நோக்கி அடுப்பின் முன் நின்ற மனைவியார் நிலையை நினைப்பாரோ மிகச் சிலர். இரு பெண்மக்களோடு அவ்வம்மையார் பொறுத்த பொறுமையை விட்டுவிட்டுப் பாரதியாரின் அமைதியைப் பேசுதல் முறையாகாது. அவ்வில்லத்தில் ஒருவர் அமைதியை மற்றொருவர் தம் தோளிலே தாங்கிய நாட்கள் பல.

இத்துன்பங்களினும் பெரிய துன்பம் ஒன்று இருந்தது. அஃது அவர் உள்ளத்திலேயே இருந்தது. அச்சம், கவலை, சென்றதை எண்ணி இரங்கல், வருவதை எண்ணி நடுங்கல் என்னும் இவற்றை அவர் தம் பகைவர் என்று பெயரிட்டே அழைத்தார். 1915 ஆம் ஆண்டில் அவர் எழுதிய ‘சித்தக்கடல்’ என்னும் உரைநடை நாட்குறிப்பைப் போன்றது. உலகியலையும் வீட்டுக் கவலையையும் பராசத்தியின் முன் அப்படியே வைத்து, தம் மனம் அலைவதைத் தாமே பார்த்து அதில் எழுதினார். மனத்தை ஒரு பெண்ணாக உருவகித்து அவர் பாடிய பாட்டொன்றும் உண்டு. ஒன்றையே பற்றி ஊசலாடுவதும், புதியதை விரும்பி அப்புதியதையே அஞ்சுவதும், விடு என்றதைப் பற்றுவதுமாகிய அதன் குறும்புகளை அப்பாட்டிற் பட்டியலிட்டு, அதனை வெறுத்துத் தள்ளாமல் அன்போடு திருத்த முயல்கின்றார். மனத்தை அடக்கிவிட்டேன் என்று அவர் யாண்டும் பெருமை பேசவில்லை. அதன் ஓட்டத்தைப் பார்த்தார். பார்த்ததை ஒளியாது எழுதினார். நோயைக் கண்டறிதல் மருந்துண்ணலுக்கு முற்பட்டது அன்றோ?

புதுச்சேரிக் கடற்கரைக்கு அருகே மணக்குள விநாயகர் திருக்கோயில் உள்ளது. அப்பெருமான்மீது பாரதியார் நாற்பது செய்யுட்களால் ஒரு நான்மணிமாலை பாடினார். செல்வமும் வெற்றியும் வேண்டும் பாட்டாக மட்டும் அதனை நினைத்தல் கூடாது. அதனுள்ளே அவர் தம் வாழ்வின் தொழில்களை வகுத்துக் கொள்ளுகின்றார். பாட்டுப் புனைதல் ஒன்று. நாட்டுக்கு உழைத்தல் ஒன்று. கண்ணிமைக்கும் சிறு பொழுதேனும் மனந்தளராது விழிப்போடிருத்தல் மற்றொன்று. இம்மூன்றாவதைத் தொழில் என்று அவர் கொண்டமை எண்ணத்தக்கது. பூசைக்கு ஒதுக்கிய நேரத்தில் மட்டும் விழித்திருந்து, எஞ்சிய நேரமெல்லாம் மயங்கிக் கிடப்பதை அவர் ஏற்கவில்லை. மற்றவற்றை எல்லாம் விநாயகர் பார்த்துக் கொள்வார் என்று துணிந்து, தம் பங்காகிய விழிப்பை மட்டும் தாம் ஏற்றுக் கொண்டார். தன் செயலற்று அருள்வழி நிற்றலைப் பயிலும் நம்மவர்க்கு இப்பாகுபாடு புதியது அன்று.

இனி அவர்க்கு வாய்த்த அறிவுரையைக் கூறுவாம். அக்காலத்துப் புதுச்சேரித் தெருக்களிற் குள்ளச்சாமி என்றும் மாங்கொட்டைச்சாமி என்றும் அழைக்கப்பட்ட பெரியார் ஒருவர் திரிந்து கொண்டிருந்தார். உருவிற் குறுகியவர்; கண்டார் பித்தர் என்று ஒதுக்கத்தக்க தோற்றமுடையவர். நாகப்பட்டினத்து இராசாராமையர் என்பவரின் தந்தையார் முன்னர் உபநிடதமொன்றைத் தமிழில் மொழிபெயர்த்து வைத்திருந்தார். அதனைத் திருத்தித் தருமாறு வேண்டப்பட்டுப் பாரதியார் அதில் ஈடுபட்டிருந்த இடத்திற்குக் குள்ளச்சாமி வந்தார். பாரதியார் அவர் கையைப் பற்றி, நீர் யார் என்று வினவி, உண்மை கூறுமாறு நெருக்கினார். சாமியார் கையை உதறிக் கொண்டு ஓடினார்; பாரதியார் தொடர்ந்து ஓடினார். பாழடைந்த வீடொன்றின் கொல்லையில் இருவரும் நின்றனர். அங்கே சாமியார் ஒரு குட்டிச்சுவரைக் காட்டினார். வானத்து ஞாயிற்றைக் காட்டினார். அருகே இருந்த கிணற்று நீரில் அஞ்ஞாயிற்றின் நிழலையும் காட்டினார். அறிந்தனையோ என்று மட்டும் கேட்டார். அறிந்தேன் என்றார் பாரதியார். அவ்வளவே, சாமியார் போய்விட்டார்.

இதன் பொருளைப் பாரதியாரே ‘பாரதி அறுபத்தாறு’ என்னும் தன்வரலாற்றுப் பாட்டில் விரித்துள்ளார். மூச்சை நிறுத்திச் சுவரைப்போல் அசையாது வாழ்தல் வேண்டும் என்பதும், கிணற்று நீரில் ஞாயிறு தோன்றுதல் போல் உள்ளத்தின் உள்ளே சிவனைக் காணுதல் வேண்டும் என்பதும், பேச்சினாற் பயனில்லை, நுகர்ந்து அறிதலே அறிவு என்பதும் அவர் கொண்ட பொருள். மெய்ந்நூல் திருத்திக் கொண்டிருந்தவரை எழுப்பி ஓடச் செய்து, குட்டிச்சுவரின் முன் நிறுத்திப் பொருளுணர்த்திய வகை பெரிதும் நயமுடையது. உபநிடதம் ஓலையிலும் தாளிலும் இருக்கின்றது. நீர் கலங்காதபோது ஞாயிறு கிணற்றில் இருக்கின்றது. கிணறு ஞாயிற்றை உண்டாக்கவில்லை. கலங்காமையே அதன் கடமை. உயிர் சிவத்தை ஆக்குவதன்று. தன் கலக்கம் நீங்கினாற் சிவம் விளங்கக் காண்பது. பாரதியார் இவ்வுவமையை எவ்வாறு கொண்டாராயினும், கிணற்று நீர் ஞாயிறு ஆகிவிடவில்லை என்பதை நாம் மறக்கலாகாது. ஒளியோடு கூடி நிற்கும்போதும் உயிர் உயிரே, சிவம் சிவமே என்பது நம் கோட்பாடு.

இரண்டாவது நிகழ்ச்சி இதனினும் எளியது. ஆயினும் இதனினும் கூரியது. மற்றொரு நாள் குள்ளச்சாமி பழங்கந்தை அழுக்கு மூட்டையொன்றை முதுகில் சுமந்து தெருவிலே வந்தார். பாரதியார் நகைத்து, இதென்ன பித்தர் செயல், இம்மூட்டையைச் சுமப்பானேன் என்று கேட்டார். சாமியார் புன்னகைத்துக் கூறிய விடையின் கருத்து இது: யான் குப்பையைப் புறத்தே சுமக்கின்றேன்; நீயோ அகத்தே சுமந்து திரிகின்றாய். இதனைக் கூறிவிட்டு அவர் விரைந்து சென்றார். பாரதியார் அவ்விடத்திலேயே தம்மை நோக்கினார். சென்று போன பழம்பொய்களை எல்லாம் உள்ளத்திற் சேர்த்து வைத்துக் கொண்டு மக்கள் மாய்கின்றனர் என்றும், சென்றதற்கு இரங்காமல் இன்று புதிதாய்ப் பிறந்தோம் என்று கருதி வாழ்தல் வேண்டும் என்றும் உணர்ந்தார்.

இவ்வறிவுரையைச் சித்தாந்தக் கண்கொண்டு நோக்குவாம். ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலமும் வலிகெட்ட பின்னும் அவற்றின் வாசனை சிறிது தங்கி நிற்கும். பெருங்காயம் வைத்திருந்த கலத்தைக் கழுவிய பின்னும் மணம் நீங்காதது போல்வது அது. அவ்வாசனை பழைய சுட்டறிவாய் எழுந்து, கண்டதைச் சிவமாகக் காணாமல், பழைய பகையாகவும் பழைய இழப்பாகவும் பழைய அச்சமாகவும் காட்டும். குள்ளச்சாமி காட்டிய அகத்துக் குப்பையும் இத்தன்மையதே. அதனை ஒரே நாளில் உதறி எறிந்துவிட இயலாது. நேற்றுத் துடைத்த இடத்தில் இன்றும் தூசு படியும். இதனாலன்றோ மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து ஒன்பதாம் சூத்திரத்தில், ஞானத்தாற் பதியை நாடிய பின்னும் திருவைந்தெழுத்தை விதிப்படி ஓதுமாறு வகுத்தருளினார்? ஓதுதல் ஒருமுறை செய்து முடிக்கும் வினையன்று. நாள்தோறும் இல்லத்தைப் பெருக்குவது போன்றது. பெருக்கிய வீட்டை மீண்டும் பெருக்க நேர்ந்ததே என்று வருந்தி எந்த இல்லாளும் விளக்குமாற்றை எறிந்துவிடுவதில்லை.

பாரதியார் தம் விழிப்பைப் பயின்ற இடங்கள் நகரத்தையும் அதன் புறத்தையும் சார்ந்தவை. முத்தியாலுப்பேட்டைப் பக்கத்தில் கிருட்டிணசாமிச் செட்டியாருக்கு உரிய மாந்தோப்பு இருந்தது. ‘குயிற் பாட்டு’ அத்தோப்பிற் பிறந்தது என்பர். அதனை அடுத்த கருவடிக்குப்பத்தில் 1837 ஆம் ஆண்டிற் சமாதியடைந்த சித்தானந்த சுவாமிகளின் திருக்கோயில் உள்ளது. பாரதியாரும் நண்பர்களும் அங்குச் சென்று அமர்ந்திருப்பதுண்டு. பதஞ்சலியார் யோக சூத்திரத்தின் முதற் பாதத்தை அவர் தமிழில் எழுதியதும் புதுச்சேரி வாழ்வின் பயனே. ‘பாஞ்சாலி சபத’த்தின் முதற் பகுதி 1912 இல் அச்சேறியது. குருவியின் தாவலும் காக்கையின் கூச்சலும் கடலின் ஒலியும் அவர் உரைநடையில் மீண்டும் மீண்டும் வருகின்றன. கண்ணெதிரே உள்ளதை முழுதும் பார்ப்பவனுக்கு, அப்பொழுதேனும், கண்ணெதிரே இல்லாத கடன்காரர் தோன்றுவதில்லை. அவர் எழுதிய ‘சும்மா’ என்னும் கட்டுரையிலும் குள்ளச்சாமி வருகின்றார். சும்மா இருத்தல் சோம்பிக் கிடத்தல் அன்று என்பது நம் மடங்களிற் பயின்றார்க்கு நாம் கூற வேண்டுவதில்லை.

1916 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் பெரும்புயலொன்று புதுச்சேரியைத் தாக்கியது. வீடுகள் வீழ்ந்தன, தோப்புக்கள் அழிந்தன. அவ்விரவைப் பற்றிக் கணவனும் மனைவியும் உரையாடுவதாகப் பாரதியார் பாடினார். இதற்குள் நாம் எங்ஙனம் பிழைப்போம் என்னும் நடுக்கமும், காத்தது இறைவியின் அருளே என்னும் தெளிவும் அப்பாட்டில் உள்ளன. மற்றொரு பாட்டில், வயலிடையே அழியாது தப்பிய சிறிய தென்னந்தோப்பொன்றைக் கண்டு வியந்தார். பெருந்தோப்புக்கள் சாயச் சிறுதோப்பு நின்றதேன் என்று அவர் உள்ளம் ஆராய்ந்தது. ஏழைகள் சிலர் அதனை நம்பி வாழ்வதனால் இறைவன் காத்தான் போலும் என்று அமைந்தது. அழிவைப் பாராமற் கண்ணை மூடிக்கொண்டு பெற்ற அமைதி இதுவன்று. அழிந்ததையும் பார்த்து, நின்றதையும் பார்த்து, இரண்டினும் அருளைக் காண முயன்ற அமைதி இது. இருவினையொப்பு என்று நாம் கூறும் பெருநிலைக்கு இது மிகச் சேய்மையில் உள்ளதாயினும், அதன் திசை நோக்கிய வழி இதுவே.

தனித்திருந்து பெற்றவை மட்டும் அல்ல அவர் பயன்கள். சிவஞானபோதத்துப் பன்னிரண்டாம் சூத்திரம் அன்பரொடு கூடியிருத்தலை வற்புறுத்துகின்றது. பாரதியாரும் தமக்கு வாய்த்த பெரியாரை நன்றியோடு ‘அறுபத்தாற்’றிற் போற்றியுள்ளார். குள்ளச்சாமியேயன்றிக் கோவிந்தசாமி என்பவரையும், யாழ்ப்பாணத்துச் சாமி என்பவரையும், குவளைக்கண்ணன் என்னும் அன்பரையும் பாடினார். சைவம் தழைத்த யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஞானியொருவர்க்கு இக்கவி மாணவர்போல் நின்று வணங்கினார் என்பது நம்மவர் உவக்கத்தக்க செய்தி. வ. வே. சு. ஐயர் முதலிய நாட்டன்பர்களும், பிற்காலத்திற் பாரதிதாசன் எனப் பெயர் பூண்ட இளைஞரும் அவ்வீட்டிற்கு வருவார். ஒற்றர்கள் வெளியே நின்று குறிப்பெழுத, உள்ளே பாட்டும் உபநிடதமும் நடந்தன.

இவ்வளவும் கூறியபின் ஓருண்மையை மறைத்தல் தகாது. குள்ளச்சாமியின் அறிவுரையைக் கேட்ட அன்றே பாரதியார் மூட்டையை முற்றும் இறக்கிவிட்டார் என்று கூறுதற்கில்லை. புதுச்சேரியிலே உடலைக் கெடுக்கும் மயக்கப் பொருட்பழக்கம் அவரைப் பற்றியது. கவலையைப் பாட்டினால் வென்ற அவரே மற்றொரு வேளையிற் கவலைக்கு வேறு மருந்து தேடினார். ஊர்திரும்பும் ஏக்கம் ஆண்டுதோறும் வளர்ந்தது. அன்பர் சிலர் இவற்றைக் கூறாது விடுவர். கூறாது விட்டால், அமைதி என்பது பாட்டைப்போல் ஒருமுறை வந்து நிலைத்துவிடுவது என்று இளைஞர் மயங்குவர். தமக்கு அது நிலையாதபோது தம்மைத் தகுதியற்றவர் என்று கைவிடுவர். தவறி விழுந்தவர் மீண்டும் எழுந்து சார்பை மாற்றிக் கொண்ட வரலாறே அவர்க்குத் துணையாகும். எத்தனைமுறை மறந்தாலும் அத்தனைமுறை நினைத்தலே பயிற்சி.

1918 ஆம் ஆண்டு நவம்பர் 20 ஆம் நாள் பாரதியார் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். எல்லையைக் கடந்தாற் சிறைப்படுவோம் என்பது அவர் அறியாதது அன்று. பத்தாண்டுகள் எந்த அச்சம் அவரை எல்லைக்குள் நிறுத்தியதோ, அவ்வச்சத்தின் வாயிலுக்கே அவர் நடந்து சென்றார். எதிர்பார்த்தவாறே பிடிபட்டுக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார்; டிசம்பர் 14 ஆம் நாள் விடுதலை பெற்றார். கடலூர் நகரிலேயே திருப்பாதிரிப்புலியூர் உள்ளது. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசு சுவாமிகள் திருவைந்தெழுத்தே துணையாகக் கரையேறியது அத்தலத்தில் என்பதைச் சைவர் அனைவரும் அறிவர். நீற்றறையிலும் கடலிலும் கலங்காத அப்பெருமானோடு பாரதியாரை ஒப்பிடுதல் முறையன்று. ஆயினும், நடுக்கடலில் நிலைத்த துணையொன்றை உள்ளம் பற்றி நிற்கக்கூடும் என்று காட்டிய தலத்தின் அருகிலேயே, தாம் பத்தாண்டு பயின்றதன் தேர்வு இக்கவிக்கு நேர்ந்தது என்பது நினைக்கத்தக்கது.

விடுதலைக்குப்பின் மனைவியார் ஊராகிய கடையத்தில் இரண்டாண்டளவு வாழ்ந்து, 1920 இல் மீண்டும் சென்னைச் சுதேசமித்திரனிற் சேர்ந்தார். திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில் யானைக்கு உணவு கொடுத்துப் பழகியிருந்தார். 1921 இல் அது மதங்கொண்டிருந்த வேளையில் அவரைத் தள்ளி வீழ்த்தியது. உயிருக்கு அஞ்சாது உள்ளே புகுந்து அவரைத் தூக்கி வந்தவர் குவளைக்கண்ணன். வேதபுரியிற் கூடிய அன்பர் கூட்டம் திருவல்லிக்கேணியில் துணை நின்றது. அக்காயங்கள் ஆறின. ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்திற்குச் சென்று, மனிதனுக்கு மரணமில்லை என்னும் பொருள்பற்றிப் பேசினார். பின்னர் வயிற்றுக் கடுப்பு நோய்கண்டு, 1921 செப்டம்பர் 11 ஆம் நாள் நள்ளிரவு கடந்தபின் உடலை நீத்தார். அப்பொழுது அவர்க்கு 39 வயது நிரம்பவில்லை.

ஈசுவரன் தருமராசர் கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீடு இந்நாளில் நினைவில்லமாக உள்ளது. அங்குச் செல்வோர் படங்களையும் கையெழுத்துக்களையும் கண்டு மீளுகின்றனர். செல்லும் சைவர் ஒன்று செய்யலாம். வாயிலில் நின்று, இத்தெருவில் ஒருவர் புறத்தே ஓர் அழுக்கு மூட்டையைச் சுமந்து வந்தார், மற்றொருவர் அகத்தே சுமந்த மூட்டையை அதனால் அறிந்தார் என்பதை நினைத்து, இப்பொழுது யான் சுமப்பது யாது என்று தம்மை வினவலாம். வினவுவதற்குப் புதுச்சேரிக்குச் செல்ல வேண்டும் என்பதும் இல்லை. உலையில் அரிசி இடும்போதும், கடைத்தெருவில் விலை பேசும்போதும், அலுவலகத்தில் மேலோர் கடிந்துரைக்கும்போதும், மடத்தில் நூல் விரிக்கும்போதும் அவ்வினாவை எழுப்பலாம். எழுப்பியவுடன் சார்பு தெரியும். தெரிந்தவுடன் திருவைந்தெழுத்தால் அதனை மாற்றுதல் நம் ஆசாரியர் காட்டிய வழி. கிணற்று நீர் மீண்டும் கலங்கும், மீண்டும் தெளியும். ஞாயிறு மட்டும் மேலே எப்பொழுதும் இருக்கின்றது. அதனை நினைந்து நாள்தோறும் நீரைத் தெளிவித்தலே நமது கடன்; விளங்குதல் அருளின் கடன்.

திருச்சிற்றம்பலம்.